“சார், மாத்திரை போட்டீங்களா?”: வசையாகிப்போன நோய்ப் பெயர்கள்

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் 112 பேர் இருக்கிறோம். சென்ற ஆண்டு லிஃப்ட் பராமரிப்புச் செலவை ஒட்டி அதில் ஒரு சண்டை. ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் “ரசீதைப் போடுங்கள்” என்று மூன்றாவது முறையாகக் கேட்டார். செயலாளர் பக்கத்து ஆள் ஒருவரிடமிருந்து வந்த பதில்: “சார், இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?” அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அடுத்தவர் “ஓசிடி கேஸ், விடுங்க” என்றார். மூன்றாமவர் கொஞ்சம் நயமானவர். “அங்கிள் ஒரு நல்ல டாக்டரைப் பார்த்தால் நல்லது, அக்கறையில்தான் சொல்றேன்” என்று எழுதினார். லிஃப்ட் பற்றிய பேச்சு அதோடு நின்றுபோனது. ரசீது வரவில்லை.

மூன்று பேரில் அதிகம் காயப்படுத்தியவர் அந்த மூன்றாமவர்தான் என்பது என் எண்ணம். முதல் இருவர் திட்டினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்றாமவரை யாரும் குறை சொல்ல முடியாது. கேட்டால், அக்கறைதானே என்பார்.

இணையச் சண்டையில் வசைக்கு என்ன பஞ்சம்? சாதி, உருவம், ஊர், குடும்பம் எல்லாம் இழுபடுகின்றன. ஆனால் நோய்ப் பெயரை எடுத்து வீசுவதில் வேறெதிலும் கிடைக்காத ஒரு வசதி உண்டு. ஒருவரைப் பொய்யன் என்றால் எது பொய் என்று காட்ட வேண்டும். திருடன் என்றால் எதைத் திருடினார் என்று கேட்பார்கள். மனநோயாளி என்று சொல்லிவிட்டால் எதையும் காட்ட வேண்டியதில்லை. அவர் கோபப்பட்டால் அது அறிகுறி. நிதானமாக, நீளமாக விளக்கினால் அதுவும் அறிகுறி. பேசாமல் போனால் மருந்து வேலை செய்கிறது என்பார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று மறுத்தால், எல்லா நோயாளியும் அப்படித்தானே சொல்வார்கள்? தனக்கு நோய் இருப்பதையே உணராமல் இருப்பது சில கடுமையான மனநோய்களில் உண்மையிலேயே காணப்படுவதுதான். மருத்துவர்கள் நேரில் உட்கார்ந்து, பல நாள் கவனித்து, குடும்பத்தாரிடம் விசாரித்து எடைபோடும் விஷயம் அது. சண்டைக்காரர் கையில் அதுவே தப்பிக்க முடியாத பொறியாகிவிடுகிறது.

நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பழைய வழக்கிலேயே இது இருக்கிறது. சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் வந்து நிற்கிறார். நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். ஓலையில் என்ன இருக்கிறது என்று பார்க்குமுன் சுந்தரர் வாயிலிருந்து வந்த வார்த்தை, ‘பித்தனோ’. ஓலையைப் பறித்துக் கிழித்தும் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கிழிபட்டது படி ஓலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். சபையார் அவருக்குப் பித்தா இல்லையா என்று ஆராயவில்லை. மூல ஓலையை வாங்கி, பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையின் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒத்துப்போனது. மாப்பிள்ளை தோற்றார். வந்தவர் யார் என்று தெரிந்தபின் எப்படிப் பாடுவது என்று தயங்கியவரிடம், என்னைப் பித்தன் என்றாயே, அதையே வைத்துப் பாடு என்றாராம். ‘பித்தா பிறைசூடி’ பிறந்த கதை இது. பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு வழக்காக மட்டும் படித்தாலும் அந்தச் சபையின் மேல் மரியாதை வருகிறது.

ஆனால் பித்தன் என்ற சொல்லில் பக்தி, காதல், ஞானம் எல்லாம் கலந்திருந்தன. பின்னால் வந்த வசைகளில் கட்டடம்தான் இருக்கிறது. சென்னையின் அரசு மனநல மருத்துவமனையின் தொடக்கம் 1794. கீழ்ப்பாக்கத்துக்கு அது வந்தது 1871இல். அதன்பிறகு அந்த ஊர்ப்பெயரே திட்டாகிவிட்டது. கீழ்ப்பாக்கத்தில் வீடு என்று சொன்னால் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சிறு புன்னகை ஓடுவதை அங்கே வசிப்பவர்கள் பழகிக்கொண்டுவிட்டார்கள். இலங்கையில் அங்கொடை. மலேசியாவில் 1911இல் மருத்துவமனை திறந்த தஞ்சோங் ரம்புத்தான். சிங்கப்பூரில் 1928இல் திறந்த உட்பிரிட்ஜ். 1993இல் அதற்கு மனநலக் கழகம் என்று பெயர் மாற்றினார்கள். நான்கு நாட்டிலும் தமிழர்கள் ஒரே வேலைக்கு நான்கு ஊர்களைப் பயன்படுத்திக்கொண்டோம்.

பெயரை மாற்றினால் களங்கம் போய்விடுமா என்றால், கொஞ்ச காலம் போகும். ஆங்கிலத்தில் இன்று சாதாரணத் திட்டாக இருக்கும் ‘இடியட்’, ‘இம்பெசைல்’, ‘மோரான்’ மூன்றும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிவு வளர்ச்சியை அளக்க மருத்துவர்களும் உளவியலாளர்களும் வைத்திருந்த படிநிலைகள். மோரான் என்ற சொல்லை 1910இல் ஹென்றி காடர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் கிரேக்கத்திலிருந்து எடுத்து உருவாக்கினார். சில பத்தாண்டுகளில் அது தெருவுக்கு வந்துவிட்டது.

இப்போது தெருவுக்கு வந்திருக்கும் சொற்கள் வேறு. லூசு, மெண்டல் எல்லாம் பழசாகிவிட்டன; படித்தவர்கள் அப்படித் திட்டுவதில்லை. நார்சிஸ்ட் (தற்பெருமையில் மூழ்கியவர்), பைபோலார், சைக்கோ, ஓசிடி, டாக்சிக், கேஸ்லைட்டிங் (ஒருவரைத் தன் புத்தியையே சந்தேகிக்க வைப்பது) என்று மருந்துச் சீட்டு வாசனையோடு திட்டுகிறார்கள். மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2022ஆம் ஆண்டின் சொல்லாக கேஸ்லைட்டிங்கைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டில் அதற்குப் பொருள் தேடியவர்கள் 1,740 சதவீதம் கூடினார்களாம். தீங்கையும் நோயையும் குறிக்கும் உளவியல் சொற்களின் எல்லை மெல்ல மெல்ல அகன்றுகொண்டே போவதை ஆஸ்திரேலிய உளவியலாளர் நிக் ஹாஸ்லம் 2016இல் விரிவாக எழுதினார். இந்த அகலலில் நன்மையும் உண்டு. வீட்டுக்குள் பல வருடம் மிதிபட்ட பெண்ணுக்கு, தனக்கு நடப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிவது பெரிய ஆறுதல். நான் பேசுவது அதைப் பற்றி அல்ல. லிஃப்ட் கணக்கு கேட்டவருக்குப் பெயர் வைப்பதைப் பற்றி.

இந்தப் பெயர்கள் மருத்துவத்தில் என்ன கேட்கின்றன என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். நேற்று ஒன்று சொல்லி இன்று வேறு சொன்னால் பைபோலார் என்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டின்படி, மேனியா எனப்படும் அந்த அதீத எழுச்சி நிலையே குறைந்தது ஒரு வாரம் நீடிக்க வேண்டும். நடுவில் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் மட்டும் நாள்கணக்கு பார்ப்பதில்லை. தூக்கமே வேண்டாம் என்று இருக்கும், பணம் தண்ணீராக ஓடும், பேச்சு நிற்காது. கருத்தை மாற்றிக்கொள்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓசிடி என்பது ஒழுங்குப் பிரியம் அல்ல. வேண்டாம் வேண்டாம் என்றாலும் வந்து மோதும் எண்ணங்களும், அவற்றைத் தணிக்கச் செய்தே ஆகவேண்டிய செயல்களும் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்குவது. அனுபவிப்பவருக்கு அது நரகம். நார்சிஸ்ட் என்று முடிவுகட்ட, வாலிபத்தின் தொடக்கத்திலிருந்தே பல சூழல்களில் தொடரும் ஒரு போக்கு வேண்டும். ஒன்பது கூறுகளில் ஐந்தாவது பொருந்த வேண்டும். செல்ஃபி அதிகம் போடுவது அந்த ஒன்பதில் இல்லை.

சைக்கோவின் கதை தனி. மாயக்குரல் கேட்பது, இல்லாததை அசைக்க முடியாமல் நம்புவது என்ற சைக்கோசிஸ் ஒரு நிலை. இரக்கமும் குற்றவுணர்வும் இல்லாத சைக்கோபதி என்பது முற்றிலும் வேறு. அது அந்தக் கையேட்டில் தனி நோயாகவே இல்லை. தமிழ்ச் செய்தித்தாள்களும் சினிமாவும் இரண்டையும் ஒன்றாகக் கிண்டி ‘சைக்கோ கொலையாளி’ என்று பரிமாறின. கடும் மனநோய் உள்ளவர்கள் வன்முறை செய்பவர்களாக இருப்பதைவிட வன்முறைக்கு ஆளாகிறவர்களாக இருப்பதே அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். சினிமாவுக்கு அது எங்கே தெரியப்போகிறது.

சரி, இதெல்லாம் தெரியாதவர்கள் செய்யும் தவறு, படித்த மருத்துவர்கள் செய்ய மாட்டார்கள் என்று நினைத்தால், 1964ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர். ரால்ஃப் கின்ஸ்பர்க் என்பவர் நடத்திய ‘ஃபேக்ட்’ என்ற பத்திரிகை, நாட்டின் 12,356 மனநல மருத்துவர்களுக்குத் தபால் அனுப்பி, கோல்ட்வாட்டர் அதிபராக மனத்தகுதி உள்ளவரா என்று கேட்டது. 2,417 பேர் பதில் எழுதினார்கள். அதில் 571 பேர், சொல்லும் அளவுக்கு எங்களுக்கு எதுவும் தெரியாது என்றார்கள். என்னைக் கேட்டால் உண்மையில் பதில் சொன்னவர்கள் அவர்கள்தான். 657 பேர் தகுதி உண்டு என்றார்கள். 1,189 பேர் இல்லை என்றார்கள். அட்டையில் என்ன வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை: 1,189 மனநல மருத்துவர்கள் தகுதியில்லை என்கிறார்கள். பதிலே எழுதாத ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கு அட்டையில் இடமில்லை.

எழுதியவர்கள் சும்மா எழுதவில்லை. அவரை நேரில் ஒருமுறைகூடச் சோதிக்காமலே மனச்சிதைவு, பெருமை மயக்கம், குழந்தைப் பருவக் காயம் என்று விரிவாக எழுதித் தள்ளினார்கள். அணுகுண்டு விஷயத்தில் கோல்ட்வாட்டர் பேசியதைக் கேட்டுப் பலர் பயந்திருந்தார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. அவருடைய கொள்கை ஆபத்தானது என்று ஒரு குடிமகனாக எழுதியிருந்தால் யாரும் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அது ஒரு கருத்து, எதிர்க்கருத்து வரும். நோய் என்று எழுதினால் கருத்து தீர்ப்பாகிவிடுகிறது. தேர்தலில் கோல்ட்வாட்டர் ஆறு மாநிலங்களை மட்டும் வென்று படுதோல்வி அடைந்தார். பிறகு அவதூறு வழக்குப் போட்டு, 1968இல் ஜெயித்தார். ஏற்பட்ட இழப்புக்கு ஈடாக ஒரே ஒரு டாலர். தண்டனைத் தொகையாக 75,000 டாலர். 1973இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் ஒரு விதியைக் கொண்டுவந்தது: நேரில் பரிசோதிக்காமல், ஒப்புதல் பெறாமல், பொது மனிதர் ஒருவரின் மனநிலை பற்றித் தொழில்முறைக் கருத்துச் சொல்லக் கூடாது. கோல்ட்வாட்டர் விதி என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. அதே 1973இல்தான் அந்தச் சங்கம் ஒருபாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். அதுவரை எத்தனை வாய்கள் ‘நோய்’ என்ற ஒரே சொல்லால் அடைக்கப்பட்டிருக்கும்!

விதி வந்துவிட்டதால் பழக்கம் போய்விடவில்லை. டிரம்ப் முதல்முறை அதிபரானதும் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு மனநல மருத்துவர்கள் முளைத்தார்கள். நார்சிஸ்ட் என்பதே பொதுத் தீர்ப்பு. அந்த நோய்க்கான அளவுகோல்களை முன்பு எழுதிய குழுவிலிருந்த மருத்துவர் ஆலன் ஃப்ரான்சஸ் 2017இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அளவுகோல்களை எழுதியவன் நான், அவருக்கு அது பொருந்தாது. மோசமான நடத்தை எல்லாம் நோயாகிவிடாது. அவரோடு சேர்த்துப் பேசுவது, பெரும்பாலும் நல்ல நடத்தை உள்ளவர்களான மனநோயாளிகளுக்குத்தான் அவமானம் என்பது சாரம். டிரம்பை எதிர்க்கும் அரசியல் வழிகளைப் பாருங்கள் என்றும் சொன்னார். எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. 2025 மார்ச்சில் மின்னசோட்டா மாநில மேலவையில் குடியரசுக் கட்சியினர் ஐவர், டிரம்ப் மேல் வெறுப்புக் கொள்வதை ஒரு மனநோயாகச் சட்டத்தில் சேர்க்க மசோதா கொண்டுவந்தார்கள். கிண்டலுக்குத்தானே என்று சிலர் சிரித்தார்கள்.

சோவியத் ஒன்றியத்தில் யாரும் சிரிக்கவில்லை. அங்கே ஆந்திரேய் ஸ்னெஷ்னெவ்ஸ்கி என்ற செல்வாக்குள்ள மனநல மருத்துவர், மனச்சிதைவில் ‘மந்தமாக நகரும்’ வகை ஒன்று உண்டு என்றார். அதன் வசதி, வெளிப்படையான அறிகுறி எதுவும் தேவையில்லை என்பது. ஆள் வேலைக்குப் போவார், குடும்பம் நடத்துவார், தெளிவாகப் பேசுவார், ஆனால் நோயாளி. சமூகத்தைத் திருத்த வேண்டும் என்று விடாமல் நினைப்பதை ‘சீர்திருத்த மயக்கம்’ என்று அறிகுறிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்.

ராணுவ மேஜர் ஜெனரல் பியோத்தர் கிரிகோரென்கோ அதில் மாட்டியவர். இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டவர். ஆட்சியைக் கேள்வி கேட்டதற்காக 1964இல் பிடித்து மனநோயாளி என்றார்கள், பதவியைப் பறித்தார்கள். வெளியே வந்தும் அவர் அடங்கவில்லை. கிரிமியத் தாத்தார்களுக்காகப் பேசப் போனவரை 1969இல் தாஷ்கண்டில் மறுபடி கைது செய்தார்கள். இங்கேதான் ஒரு விசித்திரம். தாஷ்கண்ட் மருத்துவர்கள் பரிசோதித்துவிட்டு, மனிதர் நல்ல தெளிவோடுதான் இருக்கிறார் என்று எழுதிவிட்டார்கள். மாஸ்கோவுக்கு அது பிடிக்கவில்லை. அங்கிருந்த செர்ப்ஸ்கி மனநல நிறுவனத்துக்குக் கொண்டுபோய் மறுபரிசோதனை. சில மாதங்களுக்குள் அதே மனிதர் அங்கே மனநோயாளி. 1974 வரை அடைத்து வைத்தார்கள்.

செமியோன் க்ளுஸ்மன் என்ற இளம் உக்ரேனிய மனநல மருத்துவர் ஆவணங்களை மட்டும் வைத்து, கிரிகோரென்கோவுக்கு நோய் இல்லை என்று ஓர் அறிக்கை எழுதினார். அதற்குக் கிடைத்தது ஏழாண்டு முகாம் சிறை, மூன்றாண்டு உள்நாட்டு ஊர்விலக்கம். தொலைவிலிருந்து கணிப்பதுதானே, கோல்ட்வாட்டர் விதிப்படி இவரும் குற்றவாளிதானே என்று யாராவது கேட்கலாம். நானும் யோசித்தேன். சிறைக்குப் போகத் தயாராக இருந்து ஒருவர் எழுதியதையும், சிரிப்புப் பொம்மைக்காக எழுதுவதையும் ஒரே தட்டில் வைக்க மனம் ஒப்பவில்லை. 1979இல், கிரிகோரென்கோவே கேட்டுக்கொண்டதன்பேரில், அமெரிக்க மருத்துவர்கள் அவரை நேரில் சோதித்தார்கள். மனநோய்க்கான தடயம் எதுவும் இல்லை என்று சொன்னார்கள். உலக மனநல மருத்துவச் சங்கத்திலிருந்து வெளியேற்றிவிடுவார்கள் என்ற நிலை வந்ததும் 1983இல் சோவியத் சங்கம் தானாகவே விலகிக்கொண்டது.

மருத்துவரோ அரசாங்கமோ வேண்டும் என்பதுகூட இல்லை. அமெரிக்க அதிபர் நிக்சனைச் சிக்கவைத்த வாட்டர்கேட் ஊழல் வெடித்த 1972இல், அவருடைய தேர்தல் பிரச்சாரக் குழுத் தலைவர் ஜான் மிட்செலின் மனைவி மார்த்தா, பத்திரிகையாளர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு உள்விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். கலிஃபோர்னியாவில் ஒரு ஹோட்டல் அறையில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி இணைப்பு பிடுங்கப்பட்டது. அடைத்து வைத்து மயக்க ஊசியும் போட்டார்கள். வெளியே வந்து அவர் இதைச் சொன்னபோது குடிகாரி, புத்தி பேதலித்தவள் என்ற பேச்சுதான் கிளம்பியது. 1975இல், அந்த ஊழலில் தண்டனை பெற்ற ஜேம்ஸ் மெக்கார்டே மார்த்தா சொன்னது உண்மை என்றார். மறு ஆண்டு மார்த்தா இறந்துபோனார். உண்மையைச் சொன்னவரின் பேச்சை மனப்பிரமை என்று தவறாகக் கணிப்பதற்கு இன்று உளவியலில் ‘மார்த்தா மிட்செல் விளைவு’ என்று பெயர்.

இதுவரை சொன்னவர்கள் யாருக்கும் நோய் இல்லை. நோய் உண்மையிலேயே இருந்தால்? கணினிக்காரர்களுக்கு டெர்ரி டேவிஸ் என்ற பெயர் தெரிந்திருக்கும். மனச்சிதைவு உள்ளவர் என்று அவரே மறைக்காமல் சொன்ன அமெரிக்க நிரலாளர். கடவுள் கட்டளையிட்டதாக நம்பி, பதினாறு வண்ணங்களும் 640க்கு 480 திரையும் கொண்ட ‘டெம்பிள்ஓஎஸ்’ என்ற இயங்குதளத்தைத் தனியாளாக, தனக்கென்று ஒரு நிரல்மொழியையும் உருவாக்கி, பத்தாண்டு உழைத்துக் கட்டினார். இணையக் கூடங்களில் அவர் எழுதியவற்றில் இனவெறி வசைகள் நிறைய. தடை செய்தார்கள், அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் அந்த வசைகளுக்கு நடுவே கம்பைலர் பற்றியும் நினைவக மேலாண்மை பற்றியும் அவர் சொன்னவை பல சமயம் சரியாகவே இருந்தன. நோய் இருந்தது என்பதால் நிரல் தப்பாகிவிடவில்லை. நிரல் சரி என்பதால் வசைகள் நியாயமாகிவிடவும் இல்லை. இன்னொரு கூட்டம் அவரை நோயாளி என்று தெரிந்தே சீண்டி, அவர் வெடிப்பதைப் பதிவுசெய்து ரசித்தது. வீடில்லாமல் அலைந்து, 2018 ஆகஸ்டில் ஓரிகன் மாநிலத்தில் ரயில் மோதி இறந்தார்.

இந்தியாவில் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடியபோது எனக்கு ஓர் ஆச்சரியம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, சிகிச்சைக்கும் அந்தச் சட்டம் சொல்லும் காரியங்களுக்கும் அல்லாமல் யாரும் யாரையும் மனநோயாளி என்று வகைப்படுத்தக் கூடாது என்கிறது. அரசியல், சமூக நிலையை வைத்தோ, ஊரில் நிலவும் ஒழுக்க, அரசியல், மத நம்பிக்கைகளோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்தோ மனநோயைத் தீர்மானிக்கவும் முடியாது. முன்பு சிகிச்சை எடுத்தார் என்பது மட்டுமே இன்று நோய் இருக்கிறது என்பதற்கு ஆதாரமாகாது. மாஸ்கோவையும் வாஷிங்டனையும் மனதில் வைத்து எழுதியதுபோல இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் ஒரு குறைபாடாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. அதன் 92ஆம் பிரிவின்படி, பொதுப் பார்வையில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. நோய் இல்லாதவரை மனநோயாளி என்று திட்டினால் இந்தப் பிரிவு உதவாது; அவதூறு வழக்குத்தான் வழி. வாட்ஸ்அப் சண்டைக்கு யார் அவ்வளவு தூரம் போவார்கள்?

பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை அப்போது இருந்தது. நோய்க்கு நோய் மாறினாலும், 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியேதான் இருந்தார்கள். எங்கள் குழுவின் 112 பேருக்கு இதைப் போட்டுப் பார்த்தால் சுமார் பன்னிரண்டு பேர். அவர்களில் யாரோ ஒருவர், ஞாயிற்றுக்கிழமை காலையில், காப்பியோடு மாத்திரையையும் எடுத்து வைத்துக்கொண்டு “மாத்திரை போட்டீங்களா” என்பதைப் படித்திருப்பார். நானும் அன்று குழுவில்தான் இருந்தேன். சிரிப்புப் பொம்மை போடவில்லை. வேறெதுவும் எழுதவும் இல்லை.

அடுத்த மாதம் பொதுக்குழுவில் லிஃப்ட் ரசீதைக் காட்டினார்கள். தப்பு வங்கிக்காரர் பக்கம்தான்; ஜிஎஸ்டியை இரண்டு முறை கழித்துக் கணக்குப் போட்டிருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தார். “சரி, நான்தான் பிசகிட்டேன்” என்று சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டி செலவுக்கும் ரசீது இருக்கா என்று கேட்டார்.